மெத் பழக்கம்: தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுப் பிள்ளை மெத் எனப்படும் மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருளை எடுக்கிறான் என்று தெரிந்த அன்றே, தெரிந்தவர் யாராவது ஒரு மறுவாழ்வு மையத்தின் எண்ணைக் கொடுத்துவிடுவார். நான்கு பேர் வண்டியில் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போவார்கள். மூன்று மாதம் பார்க்க விடமாட்டார்கள். பயத்தில் எடுக்கும் இந்த முடிவுதான் மிகப் பெரிய தவறு. சிகிச்சையும் கெடும், சட்டப் பாதுகாப்பும் போகும்.

போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் மையங்களும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே விடாதீர்கள். நோயாளி மறுத்தாலும் சேர்க்கச் சட்டத்தில் வழி உண்டு. 89ஆம் பிரிவின்படி ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்து, ஆபத்து இருக்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். முதலில் அதிகபட்சம் 30 நாள்தான். சங்கிலியால் கட்டுவதற்கு அறவே தடை. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, 2025இல் தொடங்கிய ‘கலங்கரை’ மையங்கள் ஆகியவற்றில் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை.

இனி சட்டம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64அ பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பயன்படுத்திய குற்றமோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சுமத்தப்பட்ட பழக்க அடிமை, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். நிபந்தனை ஒன்று உண்டு: அது அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அல்லது அங்கீகரித்த இடமாக இருக்க வேண்டும். பதிவில்லாத மையத்தில் ஒரு லட்சம் கட்டிய ரசீது நீதிமன்றத்தில் உதவாது.

‘கொஞ்சம்தானே வைத்திருந்தான்’ என்பது அடுத்த தவறு. மெத்துக்குச் சிறிய அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். 2 கிராமுக்குள் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் 10 ஆண்டு வரை போகும். வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு, ஜாமீனும் மிகக் கடினம். உப்போ வேறு பொடியோ கலந்திருந்தால் அந்த எடையும் சேரும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 1.5 கிராம் சரக்கு கலப்படத்தால் 3 கிராம் ஆகியிருந்தால் வழக்கே மாறிவிடும். நண்பர்களிடம் பணம் திரட்டி ஒருவன் போய் வாங்கி வந்தால், அவன் மீது விற்பனைக் குற்றம் வரக்கூடும். குண்டர் சட்டம் என்று சொல்லப்படும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடங்குவர். 12 மாதம் வரை விசாரணையின்றி அடைக்கலாம்.

மருத்துவப் பக்கம் வந்தால், குடியை நிறுத்த வைத்த அனுபவத்தை அப்படியே இதற்கும் பொருத்துவதுதான் பெரிய சிக்கல். சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் எந்தப் பொடியும் மெத் பழக்கத்தை நிறுத்தாது. அதற்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரையும் இல்லை. நிறுத்திய முதல் சில நாட்கள் பையன் இடைவிடாமல் தூங்குவான், எழுந்தால் அளவில்லாமல் சாப்பிடுவான். ‘சரியாகிவிட்டான்’ என்று வீடு நிம்மதி அடையும் நாட்கள் இவை. தற்கொலை எண்ணம் தலைதூக்குவதும் இதே நாட்களில்தான். தனியே விடாதீர்கள். யாரோ பின்தொடர்கிறார்கள், சுவரில் கேமரா இருக்கிறது என்று சொன்னால் வாதாடவோ மந்திரிக்கவோ வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இது மருந்தில் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மறுபடி மதிப்பிட வேண்டும்.

மருத்துவரிடம் மெத் எடுப்பதை மட்டும் சொல்லி மதுவையும் மாத்திரையையும் மறைப்பது உயிருக்கே ஆபத்து. மெத் ஏறிய பிறகு தூங்குவதற்காகத் தூக்க மாத்திரையோ, டேபென்டடால் போன்ற வலி மாத்திரையோ எடுப்பவர்கள் உண்டு. மது அல்லது தூக்க மாத்திரை திடீரென நின்றால் வலிப்பு வரலாம்; மெத் மட்டும் நின்றால் பொதுவாக வராது. உடல் கொதித்தால், நெஞ்சு வலித்தால், வலிப்பு வந்தால் உடனே 108. அதுவரை சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். குப்புறப் போட்டு அமுக்கினால் மூச்சு நின்றுவிடும்.

மருந்துக் கடையில் வாங்கும் சிறுநீர்ச் சோதனை அட்டையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சூடோஎபிட்ரின் உள்ள சளி மருந்துகூடப் பொய்யாக ‘ஆம்’ காட்டலாம். கடைசியாக எடுத்து நான்கைந்து நாள் ஆகிவிட்டால் உண்மையில் எடுத்திருந்தும் ‘இல்லை’ காட்டலாம்.

‘ஆறு மாசம் தொடாம இருந்தா பைக் வாங்கித் தர்றேன்’ என்ற வாக்குறுதி வேலை செய்வதில்லை. இத்தனை தொலைவில் இருக்கும் பரிசுக்கு இந்த மூளை அசையாது. வாரம் இரண்டு முறை சோதனை, சுத்தமாக வந்தால் அன்றே சிறு பரிசு, தொடர்ந்து வந்தால் பரிசு கொஞ்சம் கூடும் என்ற முறைக்குத்தான் மெத் சிகிச்சையில் வலுவான சான்று இருக்கிறது. மனநல மருத்துவரோடு சேர்ந்து, ஆலோசனை அமர்வுகளுடன் குறைந்தது மூன்று, நான்கு மாதம் நடத்துங்கள். கையில் ரொக்கம் தராமல் பொருளாகக் கொடுங்கள். ஊசியாகப் போட்டிருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், மஞ்சள் காமாலைக் கிருமிகள் பி, சி இரண்டுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

நடுவில் மறுபடி எடுத்துவிட்டான் என்றால் அடுத்த நாளே அதே மருத்துவரிடம் போங்கள். இரவில் யாரிடமும் கேட்க முடியாவிட்டால் மனநல உதவிக்கு 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. வழக்கு இருந்தால், சிகிச்சையைப் பாதியில் விட்டவருக்கு 64அ பிரிவின் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்பதை மறக்காதீர்கள். ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம், ஒவ்வொரு முறை போய்வந்த தேதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, ஒரு நகலை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.