விடியற்காலை எழுந்திருப்பது எப்படி: வட சென்னை வீட்டுக்கு ஒத்துவரும் வழி

சீக்கிரம் எழுந்தால் முகம் பொலிவாகும், மூளை சுறுசுறுப்பாகும், காசு சேரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியலை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் பாதிக்கு மேல் யாரோ உட்கார்ந்து அடித்துவிட்டது. என்னைக் கேட்டால் விடியற்காலையில் எழுவதில் உள்ள பெரிய லாபம் ஒன்றுதான், அந்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு ஹால், ஒரு கிச்சன் வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது தனி ரூமுக்கு எங்கே போவது? ஆனால் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரைக்கும் அதே ஹாலின் ஒரு மூலை முழுசாக உங்களுக்குத்தான். டிவி ஓடாது, பக்கத்து வீட்டுக் குழந்தை அழாது, "கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வா" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாடகை இல்லாமல் கிடைக்கிற தனி ரூம்.

இன்னொரு லாபம் வெயில். மே மாதம் ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. நடக்கணும், ஓடணும், பந்து விளையாடணும் என்றால் ஆறரைக்குள் முடித்தால்தான் உண்டு. ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது (1949-ல் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த அதே இடம்தான், இப்போது அறிஞர் அண்ணா பூங்கா), பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது. வேலைக்குத் தொலைவாகப் போகிறவர்கள் என்றால், 2021-ல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ காலை ஐந்து மணிக்கே ஓட ஆரம்பித்துவிடும், உட்கார சீட்டும் கிடைக்கும். எட்டரைக்குக் கிளம்பி நசுங்கிப் போவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாரம் போய்ப் பார்த்தால் தெரியும்.

"விடியற்காலை காத்து சுத்தமா இருக்கும்" என்று சொல்வதை மட்டும் நம்ம பக்கத்தில் அப்படியே நம்பிவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் காற்று அசையாத விடியலில் புகை மேலே ஏறாமல் தரையோடு தங்கிவிடும். மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். போகி அன்று காலையில் வாக்கிங் போவது சிகரெட் பிடிப்பதற்குச் சமானம், அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் பனிக்காலத்தில் வெயில் கொஞ்சம் ஏறியபின் நடப்பது நல்லது.

சரி, எழுந்திருப்பது எப்படி?

முதலில் கணக்கு. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஐந்து மணிக்கு எழணும் என்றால் பத்து மணிக்குத் தூங்கியிருக்கணும், படுத்திருக்கணும் இல்லை, தூங்கியிருக்கணும். ராத்திரி பன்னிரண்டு வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து "நான் சீக்கிரம் எழுகிறேன்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் தூக்கத்தைத் திருடுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு வாரம் ஓடும், மூன்றாவது வாரம் பைக் ஓட்டும்போது கண் சொருகும், பேசின் பிரிட்ஜ் பக்கம் லாரிகளுக்கு நடுவில் அது விளையாட்டு இல்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல், பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடுமா? வராது. நம் மூளைக்குள் கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன நரம்புக் கொத்து இருக்கிறது, உடம்பின் கடிகாரம் அதுதான். வெளிச்சம் கண்ணில் படுவதை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சமே காட்டாமல் விட்டால் பெரும்பாலானவர்களுக்கு அது 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும், அதனால்தான் லேட்டாகத் தூங்கப் பழகுவது சுலபமாகவும் சீக்கிரம் தூங்கப் பழகுவது கஷ்டமாகவும் இருக்கிறது. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017-ல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ஆக, ராத்திரியைப் பிடித்து இழுக்காதீர்கள். காலையைப் பிடியுங்கள். இப்போது ஏழுக்கு எழுகிறீர்கள் என்றால் ஆறே முக்கால், மூன்று நாலு நாள் கழித்து ஆறரை என்று கால் கால் மணி நேரமாகக் குறையுங்கள். ராத்திரித் தூக்கம் தானாகப் பின்னாலேயே முன்னுக்கு வரும். ஒரே நாளில் ஏழிலிருந்து ஐந்துக்குத் தாவுகிறவர்களில் நிலைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

எழுந்தவுடன் வெளிச்சம் வேண்டும். டியூப் லைட் போதாது, மேகம் மூடியிருந்தாலும் வெளி வானத்தில் அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். ஜன்னலே இல்லாத வீடு என்றால் மொட்டை மாடிக்கு ஏறுங்கள், இல்லை டீக்கடை வரைக்கும் நடந்து போய் வாருங்கள். ஓட்டேரி நாலா, பக்கிங்காம் கால்வாய் பக்கத்து வீட்டுக்காரர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கொசு நமக்கு முன்னாலேயே எழுந்துவிடும். சென்னையில் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.40 வாக்கில் வந்துவிடும், ஜனவரி கடைசியில் ஆறரையைத் தாண்டும். அதனால் வருஷம் முழுக்க ஒரே நேரம் என்று அடம்பிடிக்க வேண்டாம், தை மாதத்தில் அரை மணி நேரம் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

சாயங்கால டீ விஷயம் முக்கியம். டீ, காபியில் இருக்கும் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுக்கும். ஆறு மணிக்குக் குடித்த டீயில் பாதி பதினோரு மணிக்கும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். நாலு மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நண்பர்களோடு டீக்கடையில் நிற்பதை நிறுத்தச் சொல்லவில்லை, பால் வாங்கிக் குடியுங்கள், கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும்.

அடுத்தது அலாரம். இணையத்தில் எல்லோரும் சொல்கிற யோசனை, போனைத் தூரமாக வையுங்கள், எழுந்து போய் நிறுத்த வேண்டியிருக்கும் என்று. தனி பெட்ரூம் இருக்கிறவன் எழுதியது அது. ஹாலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் அலாரம் அடித்தால் முதலில் குழந்தை எழும், அப்புறம் மாமியார் எழுவார், உங்கள் தனி நேரம் அங்கேயே காலி. கையில் கட்டுகிற வாட்ச் பேண்டில் அதிர்வு மட்டும் வருகிற மாதிரி வைக்கலாம், இல்லை பழைய பட்டன் போனை வைப்ரேட்டில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைக்கலாம். இரண்டிலும் மறுபடி தூங்கிப்போகிற ஆபத்து உண்டு, அதற்கு ஒரே வழி, அதிர்ந்த நொடியே உட்கார்ந்துவிடுவது, உட்கார்ந்தபின் யோசிக்கலாம்.

லைட் போடாமல், சத்தம் போடாமல் வெளியே வருவது தனிக் கலை. ராத்திரியே பிரஷ், துண்டு, சட்டை, புத்தகப் பை எல்லாவற்றையும் கதவுப் பக்கம் ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள், இருட்டில் பீரோவைத் திறந்தீர்களோ தொலைந்தது, அந்தக் கீச் சத்தம் பகலில் கேட்பதைவிட மூன்று மடங்கு கேட்கும். கதவுத் தாழ்ப்பாளில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு நாலு தடவை முன்னும் பின்னும் இழுத்து விடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கேஸ் லைட்டரின் டக் டக் சத்தத்துக்கு பதில் தீப்பெட்டி. அதுவும் வேண்டாம் என்றால் ராத்திரியே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைத்தால் தீர்ந்தது.

எழுந்த முதல் அரை மணி நேரம் மண்டை மந்தமாகத்தான் இருக்கும். அது எல்லோருக்கும் உள்ளதுதான், "எனக்கு இது ஒத்துவரல" என்று அந்த நேரத்தில் முடிவு எடுக்காதீர்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, வெளியே போய் நின்று வாருங்கள். போனை மட்டும் தொடாதீர்கள், தொட்டால் உங்களுக்குக் கிடைத்த ரூமுக்குள் ஊரே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை முதல் நாள் ராத்திரியே முடிவு பண்ணியிருக்க வேண்டும், ஒரே ஒரு வேலை. டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறவர் என்றால் எது வரவில்லையோ அது, பெரும்பாலும் கணக்குதான், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டே படுங்கள். உடற்பயிற்சி என்றால் ஷூ. ஒன்றுமே தோன்றவில்லை என்றால் சும்மா மாடியில் உட்காருங்கள், அதுவும் வேலைதான்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம்ம பக்கத்துப் பெண்கள் பல பேர் ஏற்கெனவே நாலரைக்கு எழுகிறார்கள். தண்ணி வருகிற நேரம் பார்த்து அடி பம்பில் குடம் குடமாக அடித்து, தூக்கி, மேலே ஏற்றி, அப்புறம் நாஷ்டா, மதியச் சாப்பாடு, டப்பா கட்டுவது. அவர்களிடம் போய் சீக்கிரம் எழுவதன் நன்மைகளைப் பேசினால் குடத்தாலேயே அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். நீங்கள் புதிதாக ஐந்து மணிக்கு எழப்போகும் ஆண் என்றால் முதல் இருபது நிமிஷம் பம்பில் நில்லுங்கள். அம்மாவுக்கோ மனைவிக்கோ அரை மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைக்கும், உங்களுக்குத் தனியாக உடற்பயிற்சியும் தேவைப்படாது, நாலு குடம் மாடி ஏற்றிப் பாருங்கள் தெரியும்.

யாருக்கு இது வேண்டாம்? நைட் ஷிஃப்ட் போகிறவர்கள், ராத்திரி சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறவர்கள், துறைமுகத்தில் முறை மாற்றி வேலை பார்க்கிறவர்கள். நீங்கள் எப்போது தூங்கினாலும் சேர்ந்தாற்போல் ஏழு மணி நேரம் தூங்கினால் போதும், யார் சோம்பேறி என்று சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். பதின்வயதுப் பிள்ளைகளையும் நாலு மணிக்குத் தட்டி எழுப்பாதீர்கள். அந்த வயசில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளி ஓடும், எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் பத்தரை வரை படித்துவிட்டு ஏழுக்கு எழுந்தால் விட்டுவிடுங்கள். எட்டு மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் தூங்கி வழிகிறவர்கள், பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர்கள் அலாரத்தை மாற்றிப் பயனில்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பொறி. சனி ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து ஞாயிறு பத்துக்கு எழுந்தால் வாரம் முழுக்கப் பழக்கிய கடிகாரம் பழையபடி தள்ளிப்போகும், திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து. அதிகம் போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். அன்றைக்கு எழ ஒரு காரணம் வேண்டும் என்றால் காசிமேடு இருக்கிறது. இருட்டிலேயே ஏலம் சூடு பிடித்துவிடும், ஐந்தரைக்குள் போனால் மீனைக் கண்ணால் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கலாம், ஏழு மணிக்கு மேல் போனால் வண்டி நிறுத்தவே இடம் இருக்காது, சொன்ன விலைதான். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கூடையாக ஏலத்தில் எடுத்துப் பங்கு போட்டுக்கொண்டால் இன்னும் கட்டுப்படி ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, அந்தச் சமயம் பெரிய மீன் குறைவு, விலையும் ஏறும், சின்னப் படகுகளில் வருவதைப் பார்த்து வாங்குங்கள். மதியம் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வரும், வரட்டும், மூன்று மணிக்கு முன்னால் அரை மணி நேரம் தூங்கிக்கொள்ளுங்கள். ஐந்து மணி வரைக்கும் இழுத்தீர்கள் என்றால் அன்று ராத்திரி பன்னிரண்டு வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.