தொலைநோக்கிக்கு மினி கணினி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த பிப்ரவரியில், காவலூர் வானாய்வகம் அமைந்துள்ள ஜவ்வாது மலையில் எங்கள் குழு தொலைநோக்கிகளை நிறுத்தியிருந்தது. முதன்முறையாக வந்திருந்த ஓர் இளைஞரின் தொலைநோக்கியையும் கேமராவையும் இயக்கும் மினி கணினி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து மீண்டும் இயங்கிக்கொண்டிருந்தது. “விண்டோஸில்தான் ஏதோ கோளாறு, சார். வீட்டுக்குப் போனதும் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுகிறேன்” என்றார். இதே காரணத்தை நம்பி நானும் ஒரு காலத்தில் மூன்று மாத இரவுகளை இழந்திருக்கிறேன். செயலியையும் நினைவகத்தையும் எல்லோரும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எனவே அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மின் உள்ளீட்டின் எல்லையைக் கேளாமல் வாங்குவது

பெட்டியின் மேல் “12 வோல்ட்” என்று அச்சிட்டிருந்தால் 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைக்கலாம் என்று நினைப்பதே பெரிய இழப்பைத் தரும் தவறு. அந்த எண் வீட்டு அடாப்டருக்கு உரியது. அடாப்டரின் மின்னழுத்தம் மாறாது, பேட்டரியினுடையது மாறிக்கொண்டே இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஆன ஈய-அமில பேட்டரி ஓய்வில் சுமார் 12.7 வோல்ட் காட்டும்; நள்ளிரவுக்குப் பின் சுமையோடு 12-க்கும் கீழே இறங்கும். நான்கு செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ சார்ஜ் ஆகும்போது 14.6 வோல்ட் வரை ஏறும். கணினி ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கத்தை மட்டுமே தாங்குமானால், 11.4 முதல் 12.6 வரைதான் அதற்குப் பாதுகாப்பு.

இதனுடன் கம்பியின் இழப்பும் சேர்கிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள மூன்று மீட்டர் செம்புக் கம்பியில், போக வர ஆறு மீட்டருக்கு, 5 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.7 வோல்ட் குறைந்துவிடும். அந்த இளைஞர் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட், குளிரூட்டும் கேமரா, கண்ணாடியில் பனி படியாமல் காக்கும் டியூ ஹீட்டர், கணினி ஆகிய எல்லாவற்றையும் அப்படிப்பட்ட ஒரே கம்பியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஹீட்டர் இயங்கும் நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம்: பேட்டரி முனையில் 11.9, கணினியின் முனையில் 11.2. கணினிக்கு மட்டும் தனியாகக் குட்டையான, தடித்த கம்பி போட்டபின் அது விடியும்வரை ஓடியது.

என் முதல் கணினிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. யூஎஸ்பி கம்பிகளையும் மென்பொருளையும் மாற்றிப் பார்த்துச் சலித்து, கடைசியில் லித்தியம் பேட்டரி வாங்கி, சார்ஜரைக் கழற்றாமலேயே கணினியை இணைத்தேன்; அதன் மின்பலகை கருகியது. எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று விற்றவரிடம் பிறகு கேட்டபோது, “12 வோல்ட்தான், சார்” என்ற பதில் மட்டுமே வந்தது. அந்தப் பதிலை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான கணினிகளில் 9 முதல் 36 வோல்ட் என எல்லை தெளிவாக எழுதப்பட்டிருக்கும். இயன்றால் அத்தகையதையே வாங்குங்கள். இல்லையெனில், மின்னழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் வல்ல டிசி-டிசி கன்வெர்ட்டரை இடையில் வையுங்கள். இறக்க மட்டும் தெரிந்தது, பேட்டரி தளரும்போது கைவிட்டுவிடும். 19 வோல்ட் கணினியை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இரண்டு முறை மாற்றுவதிலேயே பேட்டரியின் ஆற்றல் வீணாகும்.

விசிறி உள்ளதை வாங்குவது

வேண்டாம். அது பனி ஈரத்தையும் பூச்சிகளையும் உள்ளே இழுக்கும்.

மென்பொருளை முடிவு செய்யாமல் வாங்குவது

வானைப் படமெடுக்க உதவும் நினா என்ற மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். லினக்ஸில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வாங்குபவர், அதே வேலைக்கான கேஸ்டார்ஸ்–ஈகோஸ் மென்பொருளைப் பழகத் தயாராக இருக்க வேண்டும்.

திரையில்லாமல் இயங்குவதைச் சோதிக்காமல் விடுவது

விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினியை மைக்ரோசாப்டின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து இயக்க முடியாது. ப்ரோ பதிப்போ வேறொரு செயலியோ தேவை. மின்சாரம் வந்ததும் தானே இயங்கும் வசதி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஆன்டெனாவை மறப்பது

உலோகக் கூட்டுக்குள் அடைபட்ட வைஃபை ஆன்டெனா பத்தடி தாண்டுவதற்கே திணறும். யூஎஸ்பி 3 கம்பிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலும் எழுப்பும் என்பதால், வெளிப்புற ஆன்டெனாவும் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியும் உள்ள கணினியைத் தேர்ந்தெடுங்கள்.