தாத்தாவின் டிவிஷனைத் தேடிப் பிடிப்பது எப்படி

வீட்டில் ராணுவ உடுப்போடு ஒரு பழைய படம் இருந்தால் முதலில் தோள்பட்டைக்குக் கீழே பாருங்கள். எங்கள் தாத்தாவின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து லென்ஸ் பிடித்தபோதுதான் சிறகு விரித்த ஒரு பறவை தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. அசலில் அது கறுப்புத் துணியில் சிவப்புக் கழுகு, 4-வது இந்திய டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவின் அடையாளம். வெறும் வட்டம் என்றால் 5-வது.

தேடும்போது 'இந்திய' என்ற சொல்லை விடாதீர்கள். இத்தாலியின் காசினோவில் 1944 மே மாதம் சண்டை போட்ட பிரிட்டனின் 4-வது டிவிஷன் வேறு. அதைப் படித்து ஒரு வாரம் போனது எனக்கு. 1962-க்குப் பிறகு நம் இந்திய டிவிஷனின் பெயரும் மாறும், '4-வது மலை டிவிஷன்' என்று தேடவேண்டும்.

ஒரு டிவிஷனில் சில பிரிகேடுகள், ஒரு பிரிகேடில் சில பட்டாலியன்கள். பட்டாலியன்கள் வரும், போகும். எல்லாவற்றையும் துரத்தினால் தலை சுற்றும். ஒரே ஒரு பிரிகேடைப் பிடித்துக்கொண்டு போங்கள். நான் பிடித்தது 7-வது பிரிகேடை. 1944 பிப்ரவரியில் அது காசினோ மலைமேல் இருந்தது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தாரில், பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை மறித்த டிவிஷனில் இருந்தது. மலைக்கென்று மாற்றிய படை, கரும்புத் தோட்டத்தில் நின்று டாங்கியை அடித்தது! 1971-ல் இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியா.

நடுவில் 1962, சீனாவோடு நடந்த போர் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அக்டோபர் 20 அன்று இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் நம்கா சூ ஆற்றங்கரையில் இந்த பிரிகேடு ஒரே காலையில் சிதைந்தது. மேட்டில் சீனப் படை, பள்ளத்தில் நம்மவர்கள், அதுவும் குளிருக்கு ஆகாத பருத்தி உடுப்பில். தலைமை தாங்கிய பிரிகேடியர் டால்வி சிறைப்பட்டார். ஜெயித்த பக்கங்களைவிட இதைத்தான் நிதானமாகப் படிக்கவேண்டும் என்பேன்.

சரி, உங்கள் ஆள் மெட்ராஸ் சாப்பர், அதாவது பாலம் போடும், கண்ணிவெடி அகற்றும் பொறியியல் படைக்காரர் என்றால்? எந்த பிரிகேடிலும் கிடைக்கமாட்டார். சாப்பர் கம்பெனிகள் நேராக டிவிஷனின் கீழ் வரும். கழுகு டிவிஷனில் 12-வது ஃபீல்டு கம்பெனி, 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி இரண்டும் மெட்ராஸ் சாப்பர்கள். 11-வதைச் சேர்ந்தவர்தான் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ பக்கம். ஒரு கண்ணிவெடி வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காக்க அதன்மேல் விழுந்து உயிரை விட்டார். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

அப்புறம் போர் நாட்குறிப்பு, படைப்பிரிவு தினமும் எழுதி வைத்த பதிவு. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. (வார் ஆஃபீஸ்) 169, இத்தாலியில் இருந்த பிரிட்டிஷ் படைகளுக்கு டபிள்யூ.ஓ. 170 வரிசை. பக்கத்தில் இடம், நாள், நேரம், நடந்தது என்று கட்டம் போட்டிருக்கும். சிப்பாய் பெயர் அபூர்வம், அதிகாரி பெயர்தான் வரும். அதனால் மொத்தமாகக் கேட்காதீர்கள். படத்தின் பின்புறம் மாதமும் வருடமும் இருந்தால், கம்பெனி எண்ணோடு அந்த ஒரு மாதத்தை மட்டும் முதலில் கேளுங்கள்.