கோலாலம்பூரில் எங்கே சாப்பிடலாம்: புதிதாக வந்தவர்களுக்கு

"நல்ல கடை எது?" என்று கோலாலம்பூரில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு நீங்களே விடை காணுங்கள்: எந்த வேளை, கூட யார் வருகிறார்கள்? மதியம் பன்னிரண்டரைக்கு அருமையாக இருக்கும் வாழையிலைக் கடையில் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஆறிய பொரியலும் அடிக்குழம்பும்தான் கிடைக்கும். கடை அதேதான், வேளைதான் தவறு.

முதலில் இரண்டு சொற்கள். இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் 'பசியாறுவது' என்று பெயர். "பசியாறியாச்சா?" என்று யாராவது கேட்டால் காலையில் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிரிக்பீல்ட்ஸ். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நு சென்ட்ரல் வணிக வளாகத்தின் வழியாக வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன் ('ஜாலான்' என்றால் சாலை). அங்கும் ஜாலான் ஸ்காட்டிலும் வாழையிலைக் கடைகள் வரிசையாக உண்டு. காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடுவதற்குள் பசி போய்விடும். பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் சைவம் சாப்பிடுபவர்கள் அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் முன்னதாகப் போவது நல்லது.

இலை போட்டதும் சோறு, மூன்று வகைக் காய்கறி, அப்பளம், மோர் மிளகாய் வரும். பிறகு குழம்பு எது என்று கேட்பார்கள்: சாம்பார், மீன், கோழி, சில கடைகளில் நண்டு. ரசத்தையும் மோரையும் கேட்டு வாங்குங்கள். சோறு, காய்கறி, குழம்பு, ரசம் ஆகியவற்றை மறுபடி கேட்டாலும் பெரும்பாலான கடைகளில் தனிக் காசு இல்லை. புதியவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஆட்டிறைச்சிப் பிரட்டல், பொரித்த மீன், கணவாய் என்று ஒரு தட்டு நிறையச் சிறு கிண்ணங்களைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவை சாப்பாட்டோடு சேர்ந்தவை அல்ல. எடுக்கும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. வேண்டாததை எடுக்காதீர்கள், வேண்டியதை எடுக்குமுன் "இது எவ்வளவு அண்ணே?" என்று கேளுங்கள். கேட்பது இங்கே கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. பில் தொகையைப் பார்த்துத் திகைத்தவர்களில் பெரும்பாலோர் கேட்காமல் எடுத்தவர்கள்.

இரவுக்கு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த கடைகள் இவை. பெயரே நம் 'மாமா'விலிருந்து வந்தது என்பார்கள். பல கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். வேலை முடிந்து தனியாக வந்தாலும் நண்பர்கள் ஆறு பேரோடு வந்தாலும் இடம் உண்டு, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் தேநீர் கேட்கும் முறையைக் கற்றுக்கொள்ளாவிட்டால் முதல் மாதம் முழுக்கச் சர்க்கரைப் பாகைத்தான் குடிப்பீர்கள். 'தே' என்றாலே கெட்டிப்பால் ஊற்றிய இனிப்புத் தேநீர். 'தே ஓ' பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. இரண்டும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. இனிப்பு குறைவாக வேண்டுமானால் 'கூராங் மானிஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீருக்கு 'ஆயர் சுவாம்'. அதற்கும் சிறு காசு வாங்கும் கடைகள் உண்டு. பொட்டலம் கட்டித் தர 'புங்குஸ்'.

மாமாக் கடைகள் பலவற்றில் நாசி கண்டாரும் இருக்கும். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் காவுதடியில் சுமந்து விற்ற சோறு அது. வரிசையில் நின்று, சோறு வாங்கி, கறியைக் கைகாட்டினால் மேலே நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். அந்தக் கலவையில்தான் ருசி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: 'டாகிங்' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி, 'கம்பிங்' ஆடு. அந்தக் குழம்பும் கலவையில் சேரும் என்பதால் எந்தக் குழம்பு வேண்டாம் என்பதை ஊற்றுமுன்பே சொல்லிவிடுங்கள். பெரிய இறாலும் மீன் முட்டையும் விலையில் கடிக்கும். தட்டு நிறைந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

சுத்த சைவம் என்றால் மாமாக் கடையை நம்பியிருக்க முடியாது. தோசைக் கல்லிலேயே முட்டையும் போடுவார்கள். மலாய்க் கடையில் "சாயூர் சாஜா", அதாவது காய்கறி மட்டும் என்று சொன்னாலும் கீரையில் பெலாசான் எனும் இறால் விழுது கலந்திருக்கலாம், சம்பல் எனும் மிளகாய் விழுதில் நெத்திலி இருக்கலாம். பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா பக்கத்துச் சைவ உணவகங்களே நிம்மதி. பத்துமலைக்குக் கூட்டிப் போகும் நாளில் அடிவாரத்துச் சைவக் கடைகளில் பசியாறிக்கொள்ளலாம், கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். ரயில் நேராக அங்கே போகிறது. சீன பௌத்த சைவக் கடைகளும் நல்லவைதான், இறைச்சி போலவே செய்த பண்டங்களைப் பார்த்து மிரள வேண்டாம். முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலுவலக விருந்துதான் உள்ளதிலேயே சிக்கலானது. மேசையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் இருப்பார்கள். பன்றி இறைச்சி இல்லை என்பதால் மட்டும் ஒரு கடை ஹலால் ஆகிவிடாது. மது பரிமாறும் உணவகத்துக்கு ஜாகிம் எனும் அரசு இஸ்லாமியத் துறை ஹலால் சான்றிதழ் தருவதில்லை. ஆகவே ஹலால் சான்றிதழும் சைவ வகைகளும் சேர்ந்த இடத்தை முதலில் தேடுங்கள். முஸ்லிம் நண்பர்களிடம் "இங்கே உங்களுக்குச் சரிவருமா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது மரியாதை. ஜாலான் ஆலோரின் இரவுக் கடைகள் வெளியூர் விருந்தினருக்குக் காட்ட ஏற்றவை, இந்தக் கூட்டத்துக்கு ஏற்றவை அல்ல. அங்கே மீனையும் நண்டையும் எடைக்கு விற்பார்கள். எடைபோட்டு மொத்த விலையைச் சொல்லச் சொல்லிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள்.

குளிரூட்டிய உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் தெரிந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் சேவை வரி 6 சதவீதமும் மேலே வரும். 100 வெள்ளிச் சாப்பாடு சுமார் 116 வெள்ளி ஆகும். தனியாக டிப்ஸ் வைக்கும் பழக்கம் இங்கே இல்லை. சிறு கடைகளில் அட்டை எடுபடாமல் போகலாம், ரொக்கமோ கியூஆர் கட்டணமோ கைவசம் இருக்கட்டும். புகைபிடிப்பதற்கு 2019 ஜனவரி முதல் எல்லா உணவகங்களிலும் தடை.

நாள் பார்த்துப் போவதும் முக்கியம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் சில மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பதிவில்லாமல் மலாய் உணவகத்துக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. எட்டு மணிக்குப் பிறகு போங்கள், அல்லது மாலை நான்கு மணிவாக்கில் கம்போங் பாருவின் ரமலான் சந்தையில் வாங்கி வந்துவிடுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிச் சீனக் கடைகள் சில நாள்களும், நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் கடைகள் ஒரு வாரம் வரையும் பூட்டியிருக்கும். தீபாவளியன்று பிரிக்பீல்ட்ஸை நம்பிப் போக வேண்டாம், கடைக்காரர்களும் வீட்டில்தான் இருப்பார்கள். இரவில் நீண்ட நேரம் உட்காரும் எண்ணமிருந்தால் நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்து, திரும்புவதற்குக் கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.