புறாத்தீவில் கால் ஊன்றாதீர்கள்: ஒரு நாள் கடற்பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியே வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் போனால் நிலாவெளி வரும். அங்கே கடற்கரையில் நின்று பார்த்தால் ஒரு கிலோமீற்றர் தொலைவில், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு பாறைத் தீவுகள் தெரியும். அவைதான் புறாத்தீவு, ஊரில் சிலர் புறாமலை என்றும் சொல்வார்கள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த இடத்துக்குப் படகில் போய், கண்ணாடியும் சுவாசக் குழாயும் மாட்டிக்கொண்டு நீரின்மேல் குப்புற மிதந்தபடி கடலுக்கடியைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புவது, இலங்கையில் ஒரு குடும்பம் பெரிய செலவின்றிக் காணக்கூடிய அரிய காட்சிகளில் ஒன்று. ஆனால் அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் எதையும் சரியாகப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பதையும், பார்க்க வந்ததையே மிதித்துவிட்டுப் போகிறார்கள் என்பதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்வதில்லை. நீரில் அமைதியாக மிதக்கப் பழகாமல் வருவதுதான் காரணம். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

நான் முதல்முறை போனபோது செய்த தவறும் இதுவே. கரையிலிருந்து இருபது முப்பது அடி போயிருப்பேன், கண்ணாடிக்குள் கொஞ்சம் நீர் புகுந்தது, மூச்சுத் தடுமாறியது, உடனே எழுந்து நிற்பதற்குக் காலைக் கீழே போட்டேன். காலுக்கடியில் ஏதோ நொறுங்கியது. ஈர மண்பானை ஓடு உடைவதுபோல் ஒரு சத்தம், நீருக்குள்ளேயே கேட்டது. எங்களை ஏற்றி வந்த படகோட்டி கரையிலிருந்து, “தம்பி, காலை ஊன்றாதீங்க, அது கல்லில்லை, உயிர்!” என்று கத்தினார். குனிந்து பார்த்தபோது, மான்கொம்பு போல் கிளைத்திருந்த முருகையின் விரல் நீளக் கிளை ஒன்று முறிந்து, முறிந்த முகம் மட்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அந்த வெண்மையை இன்றும் மறக்க முடியவில்லை.

தமிழகத்தில் பவளப்பாறை என்று சொல்வதை ஈழத்தில் முருகைக்கல் என்கிறோம். பாறை, கல் என்ற பெயர்களே நம்மை ஏமாற்றிவிடுகின்றன. நாம் கல்லென்று நினைப்பது, ஆயிரக்கணக்கான நுண்ணிய விலங்குகள் சுண்ணாம்பைச் சுரந்து தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடு. அதன் மேற்பரப்பில் மெல்லிய தோலைப்போல் அவை உயிரோடு இருக்கின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுப்பதால்தான், முருகைகள் வெளிச்சம் புகும் ஆழமற்ற, தெளிந்த நீரை நாடுகின்றன. அந்த ஆழமின்மையே நம்மைக் கால் ஊன்றவும் தூண்டுகிறது. உருண்டைத் திரளாக வளரும் முருகைகள் ஓர் ஆண்டில் ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வன. ஆகவே தலையணை அளவிலான ஒரு திரளின் மேல் ஏறி நிற்பவர், பல ஆண்டுகளாக வளர்ந்து வந்த ஓர் உயிரின்மேல் நிற்கிறார் என்பதே உண்மை.

மிதக்கப் பழகுவதென்றால் நீச்சல் வீரராக வேண்டியதில்லை. பயணத்துக்கு முந்தின நாளே, நிலாவெளிக் கரையின் மணல் தரையில், இடுப்பளவு நீரில், அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். கண்ணாடியின் வாரை மாட்டாமல் அதை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உள்ளிழுத்து, கையை எடுத்துப் பாருங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது என்று பொருள். நெற்றி முடியோ மீசை மயிரோ ரப்பர் விளிம்புக்கடியில் சிக்கியிருந்தால் நீர் கசியத்தான் செய்யும். வாரை இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பு மடிந்து இன்னும் கசியும். கண்ணாடியின் உட்புறம் பனி மூடாதிருக்கச் சிறிது உமிழ்நீரைத் தேய்த்துக் கடல்நீரில் ஒருமுறை அலசுவது, சுழியோடிகள் காலங்காலமாகச் செய்யும் வழி. குழாய்க்குள் நீர் புகுந்தால் பலமாக ஒரே மூச்சில் ஊதி வெளியேற்றவும், பதற்றம் வந்தால் கீழே நிற்க முயலாமல் மல்லாந்து திரும்பி வானத்தைப் பார்த்தபடி மிதக்கவும் அங்கேயே பழகிக்கொள்ள வேண்டும். மல்லாந்து மிதக்கத் தெரிந்தவருக்குக் கால் ஊன்றும் தேவை பெரும்பாலும் வராது. மூக்கும் வாயும் சேர்த்து முகம் முழுவதையும் மூடும் கண்ணாடிகள் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. நெருக்கடியில் சட்டென்று கழற்றுவது கடினமாக இருக்குமென்பதால், புதியவர்களுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

உயிர்காப்பு அங்கியை மானக்குறைவாக எண்ணிப் படகிலேயே கழற்றி வைத்துவிடும் இளைஞர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அந்த அங்கி அணிந்தவரின் உயிரைக் காப்பதோடு, அவரை நீரின் மேற்பரப்பிலேயே வைத்திருப்பதால் முருகையையும் காக்கிறது. அங்கியை மாட்டி வார்களைப் பூட்டியபின் இன்னொருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பெரியது, வேறொன்று கேளுங்கள். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அங்கியை மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது, அங்கியே இல்லாததைவிட ஆபத்தான நிம்மதி.

காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது நீந்துவதை எளிதாக்கும்; ஆனால் பழக்கமில்லாதவர் செங்குத்தாக நின்றுகொண்டு அதை உதைத்தால், அடியிலுள்ள மணல் புகையாக எழும்பி முருகையின்மேல் படியும். படிந்த மணலைச் சளி போன்ற திரவத்தைச் சுரந்து தள்ளுவதற்கே அந்தச் சிற்றுயிர்கள் தம் வலுவைச் செலவிட வேண்டியிருக்கும். இடுப்பளவு ஆழம்கூட இல்லாத இடத்துக்குள் போகாமல், ஆழம் கூடிய ஓரத்தில் மிதந்தபடி பார்ப்பதே நல்லது. மீன்களும் அந்த ஓரங்களில்தான் கூடுகின்றன.

பயணத்துக்கான பருவத்தைத் தேர்வதில் நேரும் தவறு முழு நாளையும் வீணாக்கிவிடும். கொழும்பிலும் தெற்கிலும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் கடற்கரைக்கு உகந்தவை என்பதால், அதே விடுமுறையில் கிழக்குக்கும் வந்துவிடுகிறார்கள். அந்தக் காலம் இங்கே வாடைக்காற்றும் மழையும் கொந்தளிப்பும் உள்ள காலம். நீர் கலங்கிக் கையளவு தூரம்கூடத் தெரியாமல் போவதுண்டு. மே முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களே புறாத்தீவுக்கு ஏற்றவை. அப்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்த மாதங்களில் வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பது. கரையோரம் அலையில்லாமல் அமைதியாகத் தோன்றினாலும், கவனமின்றி மிதப்பவரை அது மெல்ல மெல்ல வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். முகத்தை நீருக்குள் வைத்திருப்பவருக்கு இது தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தீவின் பாறை ஒன்றை அடையாளமாக வைத்து எங்கே இருக்கிறோமென்று பார்ப்பதும், தனியே போகாமல் இருவராக மிதப்பதும், காற்றை எதிர்த்து நீந்தும் பகுதியை வலு இருக்கும்போதே முதலில் முடித்துவிடுவதும் பழக்கமாக வேண்டும்.

அதிகாலையிலேயே போவது நல்லது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு படகுகள் வரிசையாக வந்து ஆட்கள் நிறைந்துவிட்டால், கருநுனிச் சுறாக்கள் விலகிப் போய்விடும். துடுப்பின் நுனியில் மைக்குச்சியால் தொட்டதுபோல் கறுப்பு அடையாளம் கொண்ட இந்தச் சுறாக்கள், வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீற்றரைச் சுற்றியே நிற்பவை. ‘சுறா’ என்ற சொல்லைக் கேட்டதும் கைகால்களை அடித்துக்கொண்டு கரைக்கு ஓடுகிறவர்கள் பயப்படுவதற்கு அங்கே காரணம் எதுவும் இல்லை. பயந்து விலகுவது பெரும்பாலும் சுறாதான். அசையாமல் மிதந்து காத்திருந்தால் அது வளைந்து ஒருமுறை சுற்றி வரும், அந்த ஒரு சுற்றுக்காகவே அத்தனை தூரம் போகலாம். பின்னால் துரத்துவது, குறுக்கே போய் மறிப்பது, உணவைக் காட்டி அழைப்பது ஆகியவைதான் சாதுவான ஒரு விலங்கையும் கடிக்க வைக்கக்கூடிய செயல்கள்.

மீன்களுக்குப் பாண் போடும் வழக்கத்தைக் குழந்தைகளின் மகிழ்ச்சிக்காகச் செய்வதாகப் பெற்றோர் சொல்கிறார்கள். அவர்களுடைய அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிளிமீன் போன்றவை முருகையின்மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று, முருகை மூச்சுவிட இடம் செய்துகொடுக்கும் மீன்கள். மாவுப்பண்டத்துக்கு அவை பழகிவிட்டால் அந்த வேலை நின்றுபோகும், மிச்சம் நீரில் அழுகும், முரட்டு மீன்கள் மனிதரின் விரலை உணவாக எண்ணி நெருங்கும். குழந்தைக்கு மீனைக் காட்ட விரும்பினால், ஒரே இடத்தில் மிதந்தபடி கிளிமீன் கல்லைக் கடிக்கும் ‘கறுக் கறுக்’ என்ற சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். நீருக்குள் அது தெளிவாகக் கேட்கும். எந்தக் குழந்தையும் பாண் துண்டை மறந்துவிடும். பெரிய கிளாத்தி மீன்கள் முட்டையிட்டுக் காவல் காக்கும் நாட்களில் மட்டும் யாரையும் விரட்டி வந்து கடிக்கும். அவை தமதென்று கருதும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கிப் புனல்போல் விரிவது என்பதால், மேலே ஏறித் தப்பப் பார்க்காமல் பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும்.

கடலாமை விடயத்தில் நடப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. நீரின் மேற்பரப்புக்கு வந்து தலையை நீட்டி மூச்செடுத்தே ஆகவேண்டும். ஒருமுறை, முருகைகளுக்கிடையே மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆமையைக் கண்ட ஒருவர் உரக்கக் கத்த, ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். அது மேலே வர முயன்றது. தலைக்கு நேரே ஆட்கள். திரும்பிக் கீழே போய், சற்றுத் தள்ளி மறுபடி வந்தது. அங்கேயும் கையை நீட்டியபடி கைபேசிக் கமராவோடு ஒருவர். மூன்றாம் முறைதான் அதற்கு மூச்சுக் கிடைத்தது, கிடைத்ததும் ஆழத்துக்கு ஓடிவிட்டது. அமைதியாக விட்டிருந்தால் அத்தனை பேரும் அரைமணி நேரம் பார்த்திருக்கலாம். ஆமையைக் கண்டால் அதற்கு மேலே போகாமல், பக்கவாட்டில் சில மீற்றர் தள்ளி, அது போகும் திசையை மறிக்காமல் மிதக்க வேண்டும். அது உங்களை நோக்கி வந்தால் கையை உடலோடு சேர்த்துக்கொண்டு நில்லுங்கள். இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து வகைக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. தொடுவதும் பிடித்துப் படமெடுப்பதும் குற்றம்.

வெயிலுக்குப் பூசும் களிம்பைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் முருகைக்குக் கேடு செய்கின்றன என்ற காரணத்தால், அவை கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடைசெய்திருக்கிறது. குப்புற மிதப்பவருக்கு முதுகும் பிடரியும் முழங்காலின் பின்புறமும்தான் தீய்ந்துபோகும். அங்கெல்லாம் களிம்பை விட நீளக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமே நன்றாகக் காக்கும். முகத்துக்கும் கைக்கும் மட்டும் பூசுவதானால், புறப்படுவதற்கு வெகு முன்பே பூசி ஊறவிடுங்கள்.

கட்டண விடயத்தில் குழப்பம் வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் சீட்டுக் கட்டணம் மாறும். கூலியில் கண்ணாடியும் குழாயும் அங்கியும் அடங்குமா, எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றுவார் என்பதைப் படகில் காலை வைக்குமுன் பேசிவிட வேண்டும். தீவில் கடை இல்லை என்பதால் தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும். பொலித்தீன் பையையும் சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டையும் தவிர்த்து டப்பாவில் எடுத்துப் போய், காலி டப்பாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். திமிங்கிலம் பார்க்கும் பயணத்தையும் இதே நாளில் திணிக்காதீர்கள். களைத்த உடலோடு நீரில் இறங்குவது நல்லதன்று.

தீவுக்குப் பெயர் கொடுத்த புறாவைப் பார்க்காமலே பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். நம் கோயில் கோபுரங்களில் வாழும் புறாக்களுக்கெல்லாம் மூதாதையான காட்டு மாடப்புறா, இந்தப் பாறை இடுக்குகளில் கூடு வைத்து வாழ்கிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இந்தத் தீவு சுடும் பயிற்சிக்குப் பயன்பட்டது. அதையும் தாண்டி அவை இங்கே எஞ்சியிருக்கின்றன. பாறையில் ஏறிக் கத்திக் கூவாமல், நீரிலிருந்து கரையேறிய களைப்போடு நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து மேலே பாருங்கள்.

அந்தக் கரை மணலால் ஆனதைவிட முருகைத் துண்டுகளால் ஆனது என்றே சொல்லலாம்; வெறுங்காலோடு நடந்தால் குத்தும், வெயிலில் சுடும். நீருக்குள் கல் கீறிய காயம் இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே துணுக்குகள் இல்லையென்று பார்த்து, கிருமிநாசினி போடுங்கள். முருகைக் காயம் ஆற நாளெடுக்கும். காலடியில் கிடக்கும் வெள்ளைத் துண்டுகள் அழகாக இருப்பதால், குழந்தைகள் கேட்காமலே எடுத்து வைத்துக்கொள்வார்கள். தேசிய பூங்காவிலிருந்து செத்த துண்டையும் எடுத்துப்போகக் கூடாது; அந்தத் துண்டுகள் சேர்ந்துதான் தீவுக்குக் கரையே இருக்கிறது. ஆகவே படகில் ஏறுமுன் குழந்தைகளின் சட்டைப் பைகளையும் துவாய் மடிப்புகளையும் ஒருமுறை தடவிப் பார்த்து, கிடைப்பதை அவர்கள் கையாலேயே கரையில் போடச் செய்துவிட்டு ஏறுங்கள்.