சோனிக் ஜெம்ஸ் கலெக்‌ஷன்: ஓடாமல் விளையாடும் முறை

'சோனிக் ஜெம்ஸ் கலெக்‌ஷன்' என்ற பழைய சோனிக் வீடியோ ஆட்டங்களின் தொகுப்பு கையில் கிடைத்தவர்களில் பலர் முதல் மாலையிலேயே அலுத்துப்போய் வட்டை உறையில் போட்டுவிடுகிறார்கள். சேகா நிறுவனத்தின் நீல முள்ளெலி நாயகன் சோனிக் என்றாலே வலப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பறப்பது என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. இதில் இருக்கும் நல்ல ஆட்டங்களோ நின்று, திரும்பி, சுற்றுமுற்றும் பார்ப்பவருக்கு மட்டுமே எதையாவது தருகின்றன. சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் வந்த, எல்லோருக்கும் தெரிந்த ஆட்டங்களை 2002-இல் 'சோனிக் மெகா கலெக்‌ஷன்' எடுத்துக்கொண்டது. அதில் சேராமல் ஒதுங்கிக் கிடந்த அபூர்வங்களைத் திரட்டி 2005-இல் சேகா வெளியிட்டதுதான் இந்தத் தொகுப்பு. மெனுவில் இருக்கும் வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் நிச்சயம் ஏமாறுவீர்கள்.

வாங்கும் முன் எந்த நாட்டு வட்டு என்று பாருங்கள். கேம்கியூப், பிளேஸ்டேஷன் 2 இரண்டுக்கும் இது வந்தது. ஆனால் வட அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 2 பதிப்பு வெளியாகவில்லை. இரண்டு கன்சோல்களும் வேறு நாட்டு வட்டுகளை ஏற்பதில்லை, ஆகவே உங்கள் கன்சோல் எந்தப் பகுதிக்குரியது என்பதுதான் முதல் கேள்வி. தேர்ந்தெடுக்க வழி இருந்தால் என் வாக்கு ஜப்பானியப் பதிப்புக்கே. 'பேர் நக்கிள்' அடிதடி ஆட்டங்கள் மூன்றும் 'போனான்சா பிரதர்ஸ்' ஆட்டமும் அதில் கூடுதலாக உண்டு. அமெரிக்கப் பதிப்பில் இவை இல்லை. 'வெக்டர்மேன்' ஆட்டங்கள் இரண்டும் பூட்டப்பட்டிருக்கும், நீங்கள் விளையாடிய நேரம் சேரச் சேரத் திறக்கும். அதற்காக மெனக்கெட வேண்டாம்.

தொலைக்காட்சியை 4:3 அளவுக்கு மாற்றிவிட்டு உட்காருங்கள். அகலத் திரையில் படம் இழுபட்டால் சோனிக் உருண்டையாக இல்லாமல் முட்டையாகத்தான் உருளுவான். புதிய தொலைக்காட்சியாக இருந்தால் 'கேம் மோட்' போடுங்கள். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்துவதற்கும் சோனிக் குதிப்பதற்கும் இடையே விழும் சிறு தாமதம் பழைய ஆட்டங்களில் உயிரை வாங்கும்.

முதலில் 'சோனிக் சிடி'. 1993-இல் மெகா டிரைவின் சிடி இணைப்பான மெகா சிடிக்கு வந்த ஆட்டம் இது; தொகுப்பில் இருப்பது 1996-இன் கணினி வடிவம். இந்த வட்டின் விலையில் பாதி இதற்குத்தான் என்பது என் கணக்கு. ஏழு ஸோன்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள். மூன்றாம் பகுதி எப்போதும் எதிர்காலத்தில்தான் நடக்கும். அது பூத்துக் குலுங்கும் எதிர்காலமா, துருப்பிடித்த எதிர்காலமா என்பதை முதலிரண்டு பகுதிகளில் நீங்கள் செய்வது முடிவுசெய்கிறது. ஒன்றும் செய்யாமல் ஓடினால் துருதான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது இதுதான். வழியில் 'பாஸ்ட்' என்று எழுதிய கம்பத்தைத் தொடுங்கள். பிறகு முழு வேகத்தைப் பிடித்துச் சில விநாடிகள் விடாமல் காக்க வேண்டும். உடலைச் சுற்றி மின்னல் பொறி தெரியும், உடனே கடந்த காலத்துக்குத் தாவுவீர்கள். நடுவில் சுவரில் முட்டி நின்றுவிட்டால் அந்த வாய்ப்பு வீணாகும். அதனால் கம்பத்தைத் தொட்டவுடன் பாய வேண்டாம். தடையில்லாத நீண்ட தரையையோ, எதிரெதிரே இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும் இடத்தையோ முதலில் தேடி வையுங்கள். ஸ்பிரிங்குகளுக்கு இடையே முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டிருந்தாலே வேகம் குறையாமல் நிற்கும். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்க, மேல் பொத்தானை அழுத்தியபடி குதிக்கும் பொத்தானைப் பிடித்துவிடுங்கள். கால்கள் எட்டு வடிவத்தில் சுழன்றதும் விட்டால் அம்புதான்.

கடந்த காலத்தில் இறங்கியபின் எங்கோ ஒளிந்திருக்கும் ரோபோ உற்பத்தி இயந்திரத்தைத் தேடி உடையுங்கள். முதல் பகுதியில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று. பெரும்பாலும் வழக்கமான பாதைக்கு மேலேயோ கீழேயோ, யாரும் போக வேண்டிய அவசியமில்லாத மூலையில் இருக்கும். நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு ஸோனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கம்பம், ஸ்பிரிங், இயந்திரம் மூன்றையும் குறித்துக்கொண்டேன். கோணல்மாணலான படம்தான், ஆனால் 'வாக்கி வொர்க்பெஞ்ச்' ஸோனில் தரையே உங்களைக் கூரைக்குத் தூக்கி எறியும்போது அதன் அருமை தெரியும். இன்னொரு வழியும் உண்டு: பகுதியின் முடிவில் 50 வளையங்கள் வைத்திருந்தால் சிறப்புக் கட்டம் திறக்கும், அங்கே பறக்கும் தட்டுகளை உடைத்துக் காலக்கற்கள் ஏழையும் சேர்த்தால் எதிர்காலங்கள் தாமாகவே நல்லவையாகிவிடும். அங்கே தண்ணீரில் கால் வைக்காதீர்கள், நேரம் கரைந்துவிடும். எனக்கு இயந்திர வேட்டைதான் பிடிக்கும். கற்கள் வழியில் போனால் ஆட்டத்தின் அழகான பகுதியைப் பார்க்காமலே முடித்துவிடலாம்.

இசை பற்றி ஒரு சண்டை உண்டு. ஜப்பானிய வட்டில் மூல இசை, அமெரிக்க வட்டில் அமெரிக்காவுக்கென எழுதிய இசை. கடந்த காலப் பகுதிகளின் இசை மட்டும் இரண்டிலும் ஒன்றே, ஏனென்றால் அது சிடியின் தடத்திலிருந்து வராமல் கன்சோலின் ஒலிச் சில்லு வழியாக ஒலித்தது. கடந்த காலத்தில் அதிக நேரம் செலவிட இது இன்னொரு காரணம்.

அடுத்தது 'சோனிக் ஆர்', சேகாவின் சாட்டர்ன் கன்சோலுக்கு 1997-இல் வந்த பந்தய ஆட்டம். ஐந்தே தடங்கள். பந்தயமாக மட்டும் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், பலர் அங்கேதான் மூடிவிடுகிறார்கள். முதலில் நேரப் போட்டியில் தனியாகப் போய், குறுக்குச் சந்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நான்கு தடங்கள் ஒவ்வொன்றிலும் ஐந்து சோனிக் வில்லைகள் சிதறிக் கிடக்கும். அவற்றைத் திரட்டி முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் புதிய பாத்திரம் ஒன்று சவாலுக்கு வரும், அதை வென்றால் உங்களுடையது. எமரால்டுகள் என்ற மரகதக் கற்கள், வளையங்கள் கேட்கும் கதவுகளுக்குப் பின்னால் உள்ளன. அவை தங்க வேண்டுமானால் முதலிடம் கட்டாயம். வில்லைகளை ஒரு பந்தயத்திலும் எமரால்டுகளை வேறொரு பந்தயத்திலும் எடுங்கள், இரண்டையும் சேர்த்து முயன்றால் கோட்டைவிடுவீர்கள். வில்லைகளுக்குப் பறக்கத் தெரிந்த டெய்ல்ஸ், அதாவது சோனிக்கின் நரித் தோழன், வசதி. கூர்மையான திருப்பங்களுக்குத் தோள்பட்டைப் பொத்தான்களைப் பயன்படுத்தாவிட்டால் ஒவ்வொரு சுவரையும் விசாரித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

'சோனிக் த ஃபைட்டர்ஸ்' 1996-இன் ஆர்கேட் சண்டை ஆட்டம். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள். தற்காப்புக் கேடயங்கள் எண்ணி வைக்கப்பட்டவை, உடைந்தால் திரும்பாது. எல்லா அடிக்கும் தடுப்பு வைக்காதீர்கள்.

மற்றவை கேம் கியர் கையடக்க ஆட்டங்கள். 'சோனிக் 2' இங்கே ஒரு கொடுமை. கட்டத்தின் முடிவில் வரும் முதல் பெரிய எதிரியான இயந்திரத்திடமே பலர் கைவிடுகிறார்கள். இதே ஆட்டம் வந்த மாஸ்டர் சிஸ்டம் என்ற வீட்டுக் கன்சோலின் திரை 256-க்கு 192 புள்ளிகள், கேம் கியருடையது 160-க்கு 144 மட்டுமே. துள்ளி வரும் குண்டுகள் கண்ணில் பட்டவுடனே மேலே விழுகின்றன, அடி தாங்கக் கையில் ஒரு வளையம்கூட இருக்காது. இயந்திரத்தைத் தாக்க நினைக்கவே வேண்டாம். நீங்கள் விலகினால் குண்டுகளே அதை அடித்து நொறுக்கும். 'ட்ரிபிள் ட்ரபிள்' நல்ல இளைப்பாறல், அடிபட்டாலும் எல்லா வளையங்களும் பறிபோகாது. 'டிரிஃப்ட் 2', 'ஸ்பின்பால்' இரண்டையும் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

'டெய்ல்ஸ் அட்வென்ச்சர்' ஆட்டத்தைக் கடைசிக்கு வையுங்கள். 1995-இல் வந்தது, வேகம் என்ற பேச்சே இல்லை. டெய்ல்ஸ் மெதுவாக நடந்து, குண்டு எறிந்து, தீவுகளில் கருவிகளைத் தேடுகிறான். ஒரு நேரத்தில் நான்கு கருவிகள்தான் எடுத்துச் செல்லலாம், மாற்ற வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதனால் புதிய கருவி கிடைத்ததும், முன்பு போக முடியாமல் விட்ட இடங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரிமோட் ரோபோ கிடைத்ததும் அதற்கு நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள். டெய்ல்ஸ் நுழைய முடியாத குறுகிய துளைகளுக்குள் அதுதான் போகும்.