இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வருக்குப் பெயர் பொருத்தும் முறை

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் ஓர் அலுவலகத்தின் கணக்கு சர்வரை நான் பராமரிக்கிறேன். அதில் ஒரு கார்டு ஊழியர்களின் கணினிகளுக்கு, மற்றொன்று பேக்கப்புக்கு மட்டும். இரண்டு கார்டுகளின் ஐபி முகவரிகளுக்கும் ஒரே பெயர் இருந்ததால், பேக்கப் முழுவதும் ஊழியர்களின் கேபிள் வழியாகவே ஓடி, காலையில் பில் போடும் திரை உறைந்து நின்றது. ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் தனிப்பெயர் கொடுங்கள்.

முதலில் முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் 'ஐபி அட்ரஸ்', விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளை அவற்றைக் காட்டும். இரண்டும் மாறாத முகவரிகளாகவும் வெவ்வேறு சப்நெட்டிலும் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவிலும்) இருக்க வேண்டும். ஏனெனில் பெயர் முகவரியை மட்டுமே தரும், எந்தக் கார்டு வழியாகப் போவது என்பதை அந்த முகவரியைப் பார்த்து ரூட்டிங் அட்டவணையே முடிவு செய்கிறது. டிஃபால்ட் கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குகளுக்குப் போகும் வழி, ஒரே கார்டில் போதும்.

அடுத்து, பெயர்களுக்கு உரிய முகவரிகளைக் கணினி தேடும் ஹோஸ்ட்ஸ் கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து, முகவரியை முன்னும் பெயரைப் பின்னுமாக, ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுங்கள் (இங்கே பெயர்களைத் தமிழில் காட்டியிருக்கிறேன்):

192.168.10.5 கணக்கு
10.10.20.5 கணக்கு-பேக்கப்

விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் பெயருடன் 'டெக்ஸ்ட்' பின்னொட்டு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது.

டெபியன், உபுண்டு பயன்படுத்துவோர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நிறுவும்போதே சர்வரின் சொந்தப் பெயர் 127.0.1.1 என்ற முகவரிக்குப் பொருத்தப்பட்டிருப்பது வழக்கம். தன் பெயரைத் தேடி அந்த முகவரியில் மட்டும் காத்திருக்கும் மென்பொருள், சர்வருக்குள் ஒழுங்காக வேலை செய்யும். வெளியிலிருந்து வரும் எந்தக் கணினிக்கும் பதில் தராது. அந்த வரியை நீக்கிவிட்டு, மேலே உள்ள முதல் வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் சரிபார்க்க 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். 'என்எஸ்லுக்அப்' கட்டளை, பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்பதால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியது அதில் தெரியாமல் போகலாம். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போது ரௌட்டர் எழுந்திருக்கத் தாமதமானாலும், சுவிட்ச் எழுந்துவிட்டால் கோப்பில் உள்ள பெயர்கள் வேலை செய்யும் என்பது நம் ஊரில் பெரிய ஆறுதல்.

கடைசியாக, பேக்கப் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் இதே இரண்டு வரிகளை எழுதி, பேக்கப் மென்பொருளில் சர்வரின் பெயரை 'கணக்கு-பேக்கப்' என மாற்றுங்கள். அன்றிரவு பேக்கப் ஓடும்போது இரண்டாவது கார்டின் பைட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக வேண்டும்; முதல் கார்டில் அந்த நேரம் பெரிய ஏற்றம் இருக்கக் கூடாது.